மன்னிப்புக்கு ரெண்டு முள்ளு

தாழ்ச்சியப் பத்தி எங்கிட்ட யாரும் பாடம் நடத்த வேண்டாம் தாயி. எங்க பள்ளிக்கூடத்துல தாழ்ச்சியில என்னைய மிஞ்ச ஆளு கிடையாது. இத நானே சொல்லக் கூடாதுதான். ஆனா நான் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. இருவது வருசமா காத்திருந்து பாத்துட்டேன்.

நீ கேட்டதுக்குத்தான் சொல்லுதேன். "டீச்சர், ஒங்க பள்ளிக்கூடத்துல தவக்காலத்துல பிள்ளைய எல்லாம் ஒண்ண ஒண்ணு அறைஞ்சுதாமே"ன்னு கேட்டியா இல்லியா? கேக்கலியா? சரி, கேக்க நெனச்சிருப்ப. இந்தப் பக்கம் அதக் கேக்காத ஆளு இல்ல. டீக்கடையில பேசுதாவ, ரேஷன் கடையில பேசுதாவ. எல்லாரும் பாதிதான் பேசுதாவ. முழுசும் நான் சொல்லுதேன், கேளு.

என் பேரு மெட்டில்டா. சேந்தன்விளை ஆர்.சி. தொடக்கப்பள்ளியில நாலாப்பு டீச்சர். அஞ்சாப்புக்கு தெக்லா டீச்சர். அவளப் பத்திப் பேசவே கூடாதுன்னு இருக்கேன். ஆனா அவ இல்லாம இந்தக் கதை நகராது. எனக்கு அது ஒரு சங்கடம்.

போன ஜூன் மாசம் புதுசா ஒரு ஹெச்.எம். வந்தாவ. எமரென்சியா சிஸ்டர். கொடைக்கானல் பக்கம். சின்ன வயசு, மெல்லிசான குரல். எல்லாரையும் வாங்க போங்கன்னுதான் பேசுவாவ, ஒண்ணாப்பு பிள்ளையக் கூட. "கொஞ்சம் மூக்கைத் துடைச்சுக்கிறீங்களா?"ம்பாவ. பிள்ளை திரும்பிப் பாக்கும், பின்னால யாரோ பெரிய ஆளு நிக்காவளோன்னு.

விபூதிப் புதன் வந்துச்சு. கோயில்ல நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்து எல்லாரும் வராந்தாவுல நிக்கோம். சிஸ்டர் ஒரு பெஞ்சு மேல அஞ்சு முள்முடிய வரிசையா வச்சிருந்தாவ. வகுப்புக்கு ஒண்ணு. களிமண்ணுல வளையம் பண்ணி, சுத்தி வர கருவேல முள்ளு குத்தியிருக்கு. முள்ளம்பன்னி அஞ்சு சுருண்டு கெடந்த மாதிரி இருந்துச்சு. அவுகளே உக்காந்து குத்தியிருக்காவ. பத்து விரல்லயும் பிளாஸ்திரி.

"பிள்ளைகளே, இந்தத் தவக்காலத்துல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை நீங்க விட்டுக்கொடுத்தீங்கன்னா, இல்ல யாருக்காவது ஒரு உதவி செஞ்சீங்கன்னா, உங்க வகுப்பு முடியில இருந்து ஒரு முள்ளை எடுக்கலாம்"ன்னாவ. பொறவு ரெண்டு விரலத் தூக்கிக் காமிச்சு, "உங்களுக்குத் தப்பு செஞ்சவங்களை மன்னிச்சா, ரெண்டு முள்ளு!"

அதோட விட்டிருக்கலாம். முதல்ல முடிக்கிற வகுப்புக்கு குருத்து ஞாயிறு பவனியில முன்வரிசைன்னும் சொல்லிட்டாவ. முன்வரிசைன்னா பங்குச்சாமிக்கு நேர் பின்னால. டீச்சரும் கூடவே நடக்கலாம். தெக்லா அஞ்சாப்பு வரிசையில நின்னு என்னைய ஒரு பார்வ பாத்தா. நான் அவ பக்கம் திரும்பவே இல்ல. ஆனா அவ பாத்தது எனக்குத் தெரியும்.

முதல் வாரம் நல்லாத்தான் போச்சு. பிள்ளைய வரிசையில வந்து ஒவ்வொண்ணா சொல்லிச்சுவ. ஒருத்தி மிட்டாய விட்டுட்டேன்னா. ஒருத்தன் பம்பரத்த விட்டுட்டேன்னான். மாசானமுத்துன்னு ஒரு பய இருக்கான், பத்து வயசுக்கு பதினாலு வயசு உடம்பு. அவன் வந்து, "டீச்சர், நான் வீட்டுப்பாடத்த விட்டுட்டேன்"ன்னான்.

"பிடிச்சதத்தாம்ல விடணும்."

"வீட்டுப்பாடம்னா எனக்கு உயிரு டீச்சர்."

அப்படிச் சொன்ன பிள்ளைய சந்தேகப்படலாமா? எடுத்துக்கோன்னுட்டேன். மறுநாளே குளிக்கதையும் விட்டுட்டேன்னு வந்து நின்னான்.

நானும் ஒறுத்தல் இருந்தேன் தாயி. டீய விட்டேன். நாப்பது நாளும் டீ தொடல. காப்பிதான் குடிச்சேன். காப்பிய விடுதேன்னு நான் சொல்லலியே. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி தொடுறதில்ல, அதுல ஒரு கொறயும் வைக்கல. தெக்லா மீன விட்டுட்டாளாம். அவளுக்கு மீனு ஒத்துக்காது, தின்னா மேலெல்லாம் தடிச்சுப் போவும். ஒத்துக்காதத விடுறதுக்கு ஒறுத்தல்னு பேரா? இதெல்லாம் சிஸ்டருக்கு எங்க தெரியுது. நானும் சொல்லல. ஒரே ஒரு தடவதான் சொன்னேன்.

பொறவு உதவி ஆரம்பிச்சுது. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல டீக்கடை. அங்க தொம்மைன்னு ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருத்தர் காலையில உக்காந்து பேப்பர் படிப்பாரு. அஞ்சாப்பு பிள்ளைய நாலு பேரு போயி, "தாத்தா, ரோட்டக் கடத்தி விடுதோம்"னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாவ. இந்தப் பக்கம் அவருக்கு ஒரு சோலியும் கிடையாது. பாவம் நிக்காரு. எங்க நாலாப்பு பிள்ளைய சும்மா இருக்குமா? ஓடிப் போயி அவர அந்தப் பக்கம் கொண்டு விட்டுச்சுவ. அது ஒரு முள்ளு. உடனே அஞ்சாப்பு திருப்பிக் கூட்டிட்டு வந்துச்சு. ஒரே காலையில ஆறு தடவ அவரு ரோட்டக் கடந்தாரு தாயி, டீ ஆறிப் போயிட்டு. மறுநாள் எங்க பிள்ளைய தலையப் பாத்ததும் கடைக்குள்ள போயி பாய்லருக்குப் பின்னால உக்காந்துக்கிட்டாரு. இந்தக் காலத்துல உதவின்னு போனா யாரு வாங்குதா சொல்லு.

சத்துணவு சமைக்க பேச்சியம்மாவும் சத்தம் போட ஆரம்பிச்சுட்டா. கழுவி வச்ச பாத்திரத்தப் பிள்ளைய திரும்பத் திரும்பக் கழுவி, தொட்டியில தண்ணியே இல்லைன்னு.

இப்படிப் போயிக்கிட்டிருக்கையில மூணாவது வாரம் பாக்கேன், அஞ்சாப்பு முள்முடி பாதி வழுக்கை. எங்க முடி செழிப்பா நிக்கி. எனக்கு வயிறு எரிஞ்சுது. எனக்காக இல்ல, பிள்ளையளுக்காக. வகுப்புக்குப் போயி ஒரே ஒரு வார்த்த சொன்னேன். "பிள்ளையளா, உதவிக்கு ஒண்ணு, மன்னிப்புக்கு ரெண்டு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." அம்புட்டுத்தான். இதுல தப்பு எங்க இருக்கு?

இசக்கின்னு ஒரு பிள்ளை, முதல் பெஞ்சு, புத்திசாலி. எந்திச்சு, "டீச்சர், எனக்கு யாரும் ஒரு தப்பும் செய்யலியே. நான் யார மன்னிக்க?"ன்னா.

நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. ஒரு கேள்வி கேட்டேன். "யாராவது செஞ்சா மன்னிப்பியா?"ன்னு. டீச்சர்னா கேள்வி கேக்கத்தான் செய்வா. அதுக்குத்தான சம்பளம்.

இடைவேள மணி அடிச்சுது. கொஞ்ச நேரத்துல வேப்பமரத்தடியில ஒரு சத்தம். பளார். "மன்னிச்சிட்டேன்." பளார். "மன்னிச்சிட்டேன்." எட்டிப் பாத்தா எங்க பிள்ளைய ரெண்டு ரெண்டு பேரா எதுத்தெதுத்து வரிசையா நிக்குதுவ. ஒருத்தன் அறையுதான், மத்தவன் மன்னிக்கான். பொறவு மத்தவன் அறையுதான், இவன் மன்னிக்கான். சண்ட இல்ல, சச்சரவு இல்ல, அழுக இல்ல. என்ன ஒழுங்கு! அதுல ஒருத்தி கை வந்து விழுறதுக்கு முன்னாலயே மன்னிச்சிட்டா. "அடி விழுந்த பொறவுதான் மன்னிக்கணும், இல்லைன்னா செல்லாது"ன்னு இசக்கி அவளத் திருப்பி நிப்பாட்டுதா.

தடுத்திருக்கணும்னு நீ நெனப்ப. மொகத்தப் பாத்தாலே தெரியுது. நானும் நெனச்சேன். ஆனா அன்னைக்கு மட்டும் எங்க முடியில அறுவது எழுவது முள்ளு போயிட்டு தாயி.

மறுநாளே அஞ்சாப்பு வேவு பாத்துட்டுப் போயி அதையே ஆரம்பிச்சுது. அவுக காலால ஒதைச்சுக்கிட்டாவ. மூணாப்பு பொடிசுவ வந்து, "அண்ணே, எங்களையும் ரெண்டு சாத்துங்கண்ணே"ன்னு கெஞ்சி நிக்குதுவ. பள்ளிக்கூடம் பூரா பளார் பளார்னு ஒரே புண்ணியம்.

வியாழக்கிழம நயினார் வந்தாரு. சைக்கிள் கடை நயினார். எங்க வகுப்பு செல்விக்கு அப்பா. அவளக் கையில பிடிச்சுக்கிட்டு நேரா ஆபீசுக்குப் போயிட்டாரு. "சிஸ்டர், எம்பிள்ள கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கியிருக்கு. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. யாரு அடிச்சா?"

செல்வி அவரு சட்டையப் பிடிச்சு இழுத்து, "விடுப்பா, நான் எல்லாரையும் மன்னிச்சிட்டேன். நீங்களும் மன்னிங்க. ரெண்டு முள்ளு கிடைக்கும்"ன்னா.

"முள்ளும் மயிரும்! நான் மன்னிக்க மாட்டேன். டி.சி.யக் குடுங்க!"

அவரு மட்டும் இல்ல. அவருக்குப் பின்னால ஏழு பேரு நிக்காவ. எட்டு டி.சி. போனா பிள்ளைய எண்ணிக்க கொறஞ்சு போவும். கொறஞ்சா ஒரு டீச்சர் போஸ்டு போயிரும். நாலாப்பையும் அஞ்சாப்பையும் ஒண்ணாக்கிட்டு, ஒண்ணு நானு, இல்ல தெக்லா, வேற ஊருக்கு மாத்தலாகிப் போகணும். அவ போகட்டும்னு நெனச்சேன். மனசறிய சொல்லுதேன், நெனச்சேன். ஒரு நிமிசந்தான். பொறவு என்னமோ மாதிரி இருந்துச்சு. அஞ்சாப்பு எடுக்கவும் ஆளு வேணும்லா.

சிஸ்டர் பெத்தவங்கள கும்பிட்டு, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வாங்க, அது முடிஞ்ச பொறவும் டி.சி. வேணும்னா தாரேன்னு சொல்லி அனுப்பிட்டாவ. பொறவு என்னையும் தெக்லாவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாவ. இசக்கியையும் நிப்பாட்டியிருக்காவ.

"அடிச்சு மன்னிக்கச் சொல்லி யாருங்க சொல்லிக்கொடுத்தது?"ன்னு கேட்டாவ.

"யாரும் சொல்லித்தரல சிஸ்டர். மெட்டில்டா டீச்சர் கேள்விதான் கேட்டாவ"ன்னுச்சு இசக்கி. உண்மைய அப்படியே சொல்லுற பிள்ளை. நல்லா வளத்திருக்கேன்.

சிஸ்டர் என்னையப் பாக்காவ. நான் சன்னலப் பாக்கேன். அப்பம் தெக்லா வாயத் தொறந்தா. "சிஸ்டர், நானும் எங்க வகுப்புல அதேதான் கேட்டேன். ரெண்டு பேருமே பொறுப்பு"ன்னா. பாத்தியா தாயி? ஏச்சு வாங்குறதுல கூட எனக்குப் பாதிக்குப் பாதி பங்குக்கு வந்துட்டா. அவ அப்படிக் கேட்டிருக்கவே மாட்டா, எனக்குத் தெரியும். அவளுக்கு அம்புட்டு யோசன ஓடாது.

"அவுககிட்ட சொல்லுங்க சிஸ்டர், எனக்கு யாரு ஒத்தாசையும் வேண்டாம்னு"ன்னேன்.

"அவுகளுக்கு ஒத்தாச செய்ய இங்க யாரும் வரலைன்னு சொல்லுங்க சிஸ்டர்"ன்னா அவ.

சிஸ்டர் என்னையப் பாத்தாவ, அவளப் பாத்தாவ. "பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஏன் என்கிட்ட சொல்லச் சொல்லுறீங்க? எத்தனை நாளா நீங்க பேசிக்கிறதில்ல?"

"பதினோரு வருசம் சிஸ்டர்"ன்னு இசக்கி சொல்லிட்டு. அது பொறக்கதுக்கு முந்தின சண்டை. அதுக்கும் தெரிஞ்சிருக்கு.

அது ஒரு பெரிய அநியாயம் தாயி. பதினோரு வருசத்துக்கு முந்தி எங்க ஊருக்கு ஆயர், அதான் பிஷப்பு, வந்தாரு. டீச்சருமாரெல்லாம் சேந்து வரவேற்புப் பாட்டு. எனக்கு நல்ல குரலு. சின்ன வயசுல நான் பாடுனா பக்கத்து வீட்டுக்காரவ எல்லாம் கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்து கேப்பாவ. தெக்லாவும் நானும் அப்பம் உசுரு. ஒரே வண்டியில வருவோம், ஸ்டாப்புல எறங்கி பள்ளிக்கூடம் வரைக்கும் ஒண்ணரை மைலு பேசிக்கிட்டே நடப்போம். அப்படி இருந்தவ, ஒத்திகையில, எல்லாரு முன்னாலயும், "மெட்டில்டா, நீ வாய மட்டும் அசை"ன்னுட்டா. வாய மட்டும் அசையாம்! நான் அன்னைக்கு ஆயருக்கு முன்னால வாயையும் அசைக்கல. மறுநாள்ல இருந்து ஏழு பத்து வண்டிக்கு மாறிட்டேன். அவ மூஞ்சில முழிக்க வேண்டாம்னு. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணே கால் மணி நேரம் முந்தி வந்து வாசல்ல உக்காந்திருப்பேன். அன்னைக்கோட பாட்டும் போச்சு.

சிஸ்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு, கன்னத்துல கை வச்சுக்கிட்டாவ. பொறவு சொன்னாவ. "மன்னிப்புன்னா என்னன்னு பிள்ளைங்க பாத்ததே இல்ல. அதான் அறை வாங்கிட்டுச் சொல்லுற வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னால நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆகணும். உங்க கால்ல விழுந்து கேக்கிறேன், டீச்சர்."

எனக்குப் பெரிய மனசு. சரின்னுட்டேன். அவளும் சரின்னா.

வெள்ளிக்கிழம சாயங்காலம் சிலுவைப்பாதை. சேசு சிலுவையத் தூக்கிட்டுப் போன பதினாலு நிலைக்கும் காம்பவுண்டு சுவர ஒட்டிப் பதினாலு படம் மாட்டியிருக்கு. சேசு வேசம் மாசானமுத்துக்கு. அவன் குலசாமி கும்பிடுற வீட்டுப் பிள்ளதான், ஆனா அந்தச் சவுக்குக் கம்புச் சிலுவையத் தூக்குற தெம்பு பள்ளிக்கூடத்துலயே அவன் ஒருத்தனுக்குத்தான் உண்டு. சேசு மொகத்தத் தொடச்சு விடுற வெரோணிக்கா நம்ம இசக்கி, கையில துண்டு. அட்டைத் தொப்பி வச்ச சிப்பாய்மாரு அஞ்சாப்பு பயலுவ. பெத்தவங்க கூட்டம் கூட்டமா நிக்காவ. நயினார் கைய மடக்கிக் கட்டிக்கிட்டு முன்னால நிக்காரு.

ஆரம்பத்துலயே சமாதானம் ஆகணும்னுதான் பேச்சு. அவ வருவான்னு நான் நின்னேன். நான் வருவேன்னு அவ நின்னா போல. முதல் நிலை முடிஞ்சுது. ரெண்டு, மூணு, நாலு. சிஸ்டர் புஸ்தகத்தப் படிச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் கண்ணால கெஞ்சுதாவ. வெரோணிக்கா தொடச்சிட்டுப் போயிட்டா. ஏழு, எட்டு. ஒன்பதாம் நிலை வந்துட்டு. சேசு மூணாந்தடவ கீழ விழுதாரு. மாசானமுத்து அத வீட்டுல பழகிட்டு வந்திருப்பான் போல. தொம்முனு விழுந்தான் பாரு, புழுதி எங்க இடுப்பு மட்டும் கெளம்பிச்சு.

சரி, நம்மதான் தாழ்ந்து போவோம்னு நான் நடந்து போயி தெக்லா முன்னால நின்னேன். ஊரே பாக்குது. தலயக் குனிஞ்சு, கையக் கூப்பி, "தெக்லா, நான் ஒன்னைய மன்னிச்சிட்டேன்"ன்னேன்.

அவ மொகம் போன போக்கப் பாக்கணும். "என்னது? நீ என்னைய மன்னிச்சியா? நான்லா ஒன்னைய மன்னிக்கதுக்கு நிக்கேன்!"

"நீ என்னத்துக்கு என்னைய மன்னிக்க? தப்பு செஞ்சது நீ."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"வாய மட்டும் அசைன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். ஒன்னையக் காப்பாத்தத்தான் சொன்னேன்!"

"யாருகிட்ட இருந்து காப்பாத்த?"

"ஆயரு ஓடிரக் கூடாதுன்னு!"

கீழ கெடந்த மாசானமுத்து தலயத் தூக்கி, "டீச்சர், எந்திக்கட்டுமா?"ன்னான்.

"கெடல!"ன்னோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. பதினோரு வருசத்துல நாங்க சேந்து சொன்ன முத வார்த்தை அதுதான்.

அவன் கெடந்தான். சிப்பாய்மாரு நின்னு கால் வலிச்சு அவன் பக்கத்துலயே உக்காந்துட்டானுவ. பேச்சியம்மா ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. சேசு படுத்துக்கிட்டே குடிச்சாரு. இசக்கி வந்து துண்டால ரெண்டாந்தடவயும் மொகத்தத் தொடச்சு விட்டா. நயினார் பக்கத்துல நின்னவர்கிட்ட, "இதுல யாரு யார மன்னிக்கணும்?"னு கேக்காரு. நாலாப்பு பெத்தவங்க எனக்கு, அஞ்சாப்பு பெத்தவங்க அவளுக்குன்னு அங்க ஒரு பஞ்சாயத்து ஆரம்பிச்சுட்டு. சிஸ்டர் புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "டீச்சர்... டீச்சர்..."ங்காவ.

நான் கேட்டேன், "அதெல்லாம் கெடக்கட்டும். நான் ஒனக்கு என்ன தப்பு செஞ்சேன்? அதச் சொல்லு. என்னத்த மன்னிக்கப் போற?"

அவளுக்கு மூக்கு நுனி செவந்து போச்சு. பொறவு சொன்னா, "ஒண்ணரை மைலு. பதினோரு வருசமா ஒத்தையில நடக்கேன். ஒரு வார்த்த பேச ஆளு கெடயாது. ஒரு வாய்ப் பேச்சுக்கு வண்டிய மாத்திட்டுப் போயிட்டியேட்டி நீ."

 எனக்குக் கண்ணுல தூசி தாயி. மாசானமுத்து விழுந்து கெளப்புன தூசிதான், வேற ஒண்ணும் இல்ல. ஆனாலும் விட்டுக்குடுக்க முடியுமா? "எனக்கு நல்ல குரலுன்னு எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கோ. நான் வாரேன்"ன்னேன்.

"பாடு"ன்னா.

"என்னது?"

"பத்தாம் நிலைக்குப் பாட்டு இருக்குல்லா. பாடு. எல்லாரும் கேக்கட்டும்."

பாடுனேன் தாயி. பதினோரு வருசம் உள்ள கெடந்த பாட்டு. கண்ண மூடிக்கிட்டு, கைய விரிச்சு, நெஞ்சத் தொறந்து பாடுனேன். என்ன நடந்துச்சு தெரியுமா? முத வரியிலயே மரத்துல இருந்த காக்காய் எல்லாம் எந்திச்சுப் போயிட்டு, கூட்டம் முழுக்க அப்படி ஒரு அமைதி. ரெண்டாவது வரியில மாசானமுத்து குப்புறக் கெடந்து தோளு குலுங்கக் குலுங்க அழுதான். சிலுவையே ஆடுது. சிப்பாய்மாரு ஒருத்தன் மேல ஒருத்தன் சாஞ்சுட்டானுவ. இசக்கி அந்தத் துண்ட எடுத்து வாயிலயே வச்சு அமுக்கிக்கிட்டா, விம்மல் வெளிய வந்துரக் கூடாதுன்னு. சிஸ்டர் சுவத்தப் பாக்கத் திரும்பிட்டாவ, முதுகு நடுங்குது. அந்த நயினார், கல்லு மாதிரி நின்ன மனுசன், தோள்ல கெடந்த துண்ட மொகத்துல மூடிக்கிட்டு அப்படியே குத்த வச்சு உக்காந்துட்டாரு. ஒரு பாட்டு ஆளுகள என்ன பாடுபடுத்துது பாரு.

தெக்லாவும் தாங்க மாட்டாம மூணாவது வரியில எங்கூடச் சேந்துட்டா. என்ன சத்தம் தாயி! தொண்டை கிழியப் பாடுதா. என் குரலு எனக்கே கேக்கல. எனக்குப் பக்கப்பாட்டு தேவையே இல்லதான், ஆனா பாவம், அவளுக்கும் பக்தி பொங்கியிருக்கும்ல. என் கையப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியா கொட்ட, வாய் சிரிக்க, முழுப் பாட்டையும் எங்கூட நின்னு முடிச்சா.

முடிஞ்சதும் ஒரே கைதட்டல். சிலுவைப்பாதையில யாராவது கைதட்டுவாவளா? தட்டுனாவ.

நயினார் எந்திச்சு வந்தாரு. கண்ணெல்லாம் செவந்து போயிருக்கு. "சிஸ்டர், எனக்கு டி.சி. வேண்டாம். எம்பிள்ள இங்கனயே படிக்கட்டும்"னாரு. பொறவு என்னையப் பாத்து, "டீச்சர், அடுத்து எப்பம் பாடுவிய?"ன்னாரு. ரசிகன் தாயி! "ஈஸ்டருக்கு"ன்னேன். அவரு அக்காளையும் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. மத்த ஏழு பேரும் டி.சி. பேச்சே எடுக்காமப் போயிட்டாவ.

ஒரு பிள்ளகிட்ட நான் ஒண்ணு சொன்னேன். இத நான் யாருகிட்டயும் சொல்லல. திங்கக்கிழம செல்விய மேசைகிட்டக் கூப்பிட்டு, அவ கன்னத்தப் பிடிச்சுப் பாத்து, "டீச்சர் கேட்டது தப்புதான் பிள்ள"ன்னேன். அவ "சரி டீச்சர்"ன்னுட்டுப் போயி விளையாடிட்டா. மன்னிச்சிட்டேன்னு சொல்லக் கூட இல்ல. மன்னிப்புக்கு ரெண்டு முள்ளு உண்டு, அதையும் கேக்கல.

முள்முடிய எல்லாம் சிஸ்டர் உள்ள தூக்கி வச்சுட்டாவ. பவனியில முன்வரிசை ஒண்ணாப்புக்கு. அதுவ ஒரு முள்ளு கூட எடுக்கல. குத்தும்னு பயம்.

யாரு யார மன்னிச்சதுன்னு நீ கேப்ப. நான்தான் மன்னிச்சேன், அதுல சந்தேகம் வேண்டாம். அவ வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியுதா. அவதான் மன்னிச்சாளாம். சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இந்த ஒரு விசயத்துல அவளுக்குக் கொஞ்சம் மறதி.

ஏழு பத்து வண்டிய விட்டுட்டேன். அதுல நிக்கக் கூட எடம் இருக்காது, ஒரே நெரிசலு. அதுக்காகத்தான் இந்த வண்டிக்கு மாறுனது, வேற ஒரு காரணமும் இல்ல. இந்த வண்டியில பாரு, உக்காந்துக்கிட்டே போகலாம், பேசிக்கிட்டே போகலாம்.

அந்தா, அடுத்த ஸ்டாப்பு வந்துட்டு. நீ கொஞ்சம் எந்தி தாயி. பின்னால ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்கு, கோவிச்சுக்காத. சன்னலோரம் இல்லாட்டி அவளுக்கு வாந்தி வரும். நான் சொன்னது ஒண்ணையும் அவகிட்ட கேட்டுராத, என்ன? சீக்கிரம் எந்தி. ஏ தெக்லா! இங்கனட்டி, இங்கன! படியில பாத்து ஏறு!